கணிதக் குறியிலிருந்து அலங்காரப் பெயருக்கு: சமூக ஊடகச் சுயவிவரங்களில் ஒருங்குறி அலங்கார எழுத்துகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சமூக ஊடகச் சுயவிவரங்களில் பெயரையும் அறிமுக வரியையும் தடித்த, சாய்ந்த, கையெழுத்துப் பாணியிலான, வட்டமிட்ட எழுத்துகளால் அழகுபடுத்தும் வழக்கம் இன்று பரவலாகக் காணப்படுகிறது. பார்வைக்கு இவை எழுத்துரு வேறுபாடுகள் போலத் தோன்றினும், உண்மையில் ஒருங்குறித் தரத்தில் கணிதம், ஒலியியல், கிழக்காசியக் குறியேற்றங்கள் ஆகியவற்றின் தேவைக்காகச் சேர்க்கப்பட்ட தனித்தனி வரியுருக்களாகும். இவ்வரியுருக்கள் தரத்திற்குள் வந்த காரணங்களையும், சுயவிவரப் பக்கத்திற்கு அவை இடம்பெயர்ந்த வழியையும், அவ்விடப்பெயர்ச்சியின் விளைவுகளையும் இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. பயனரின் விருப்பத்தை மட்டும் கொண்டு இவ்வழக்கத்தை விளக்க இயலாது என்பதும், அதன் இழப்பு பெரும்பாலும் எழுதியவரை விடுத்து வாசிப்பவரையும் தேடுபவரையும் சேர்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச் சொற்கள்

ஒருங்குறி, வரியுரு, கணித எழுத்துகள், சுயவிவரம், இயல்பாக்கம், திரை வாசிப்பான், தமிழ்க் குறியேற்றம்

1. முன்னுரை

ஒருவர் தம் பெயரை எவ்வாறு எழுதிக் காட்டுகிறார் என்பது எழுத்து வரலாற்றின் பழைய வினாக்களுள் ஒன்று. முத்திரை, கையொப்பம், பெயர்ப்பலகை, திருமண அழைப்பிதழ் என ஒவ்வொரு ஊடகமும் பெயருக்குத் தனி அழகை அளித்துள்ளது. சமூக ஊடகத்தின் சுயவிவரப் பக்கம் இவ்வரிசையில் அண்மையில் சேர்ந்தது. ஆனால் முந்தைய ஊடகங்களுக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பெயர்ப்பலகையில் எழுத்தின் வளைவை மாற்றினாலும் எழுத்து மாறுவதில்லை. சுயவிவரத்தில் அலங்கரிக்கப்பட்ட பெயரிலோ, எழுத்தே வேறொன்றாக மாறிவிடுகிறது. கண் அதனைப் பழைய எழுத்தாகவே படிக்கிறது. கணினி அதனை வேறு குறியாகக் கொள்கிறது.

கண்ணும் கணினியும் இவ்வாறு பிரிந்து நிற்பது எப்படி நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா. ஒருங்குறிக் கூட்டமைப்பு வெளியிட்ட தரத்தின் பதிப்புகளும், அவற்றோடு இணைந்த தொழில்நுட்ப அறிக்கைகளும் இதற்கு முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. எழுத்து, எண், குறி ஆகியவற்றுள் கணினி ஓர் அலகாகக் கொள்வதை 'வரியுரு' என்றும், அதற்கு அளிக்கப்பட்ட எண்ணைக் 'குறியெண்' என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. குறியெண்கள் அனைத்தும் பதின்ம எண்ணில் தரப்படுகின்றன.

2. வரியுருவும் வடிவமும்

1991-இல் முதற்பதிப்பாக வெளிவந்த ஒருங்குறித் தரம் ஓர் அடிப்படைக் கொள்கையை முன்வைத்தது. குறியேற்றப்படுவது வரியுருவே, அதன் வடிவம் அன்று. தமிழ் 'அ' அச்சுநூலில் ஒரு வடிவிலும் திரைப்படச் சுவரொட்டியில் வேறு வடிவிலும் தோன்றலாம். தடித்தும் சாய்ந்தும் வரலாம். எவ்வாறு தோன்றினாலும் அதன் குறியெண் 2949 மட்டுமே. தடிமனும் சாய்வும் எழுத்துருவின் பணி; அவற்றைக் குறித்துச் சொல்வது ஆவணத்தின் குறிப்பு மொழியின் பணி. இக்கொள்கையின்படி நோக்கினால், 'தடித்த ஏ' என்றொரு தனி வரியுரு ஒருங்குறியில் இருக்க வேண்டிய தேவையே இல்லை.

எனினும் அத்தகைய வரியுருக்கள் ஆயிரத்திற்கும் மேல் உள்ளன. அவை தரத்திற்குள் நுழைந்த வழிகள் இரண்டு: ஒன்று, பழைய குறியேற்றங்களோடு பொருந்தி நிற்க வேண்டிய கட்டாயம், மற்றொன்று, வடிவ வேறுபாடே பொருள் வேறுபாடாக அமையும் துறைகளின் கோரிக்கை. அலங்கார எழுத்துகளின் வரலாறு இவ்விரண்டு விதிவிலக்குகளின் வரலாறாகும்.

3. பொருத்தப்பாட்டின் மரபு: அகன்ற எழுத்தும் வட்டமிட்ட எழுத்தும்

ஒருங்குறி தோன்றுவதற்கு முன்னரே நாடுகள் பலவும் தத்தமக்கெனக் குறியேற்றத் தரங்களை வகுத்திருந்தன. 1978-இல் வெளியான ஜப்பானின் இரட்டை பைட்டுத் தரம், சீன எழுத்துகளோடு உரோமன் எழுத்துகளையும் உட்கொண்டிருந்தது. அதே உரோமன் எழுத்துகள் ஒற்றை பைட்டுத் தரத்திலும் இருந்தன. திரையில் ஒற்றை பைட்டு எழுத்து பாதி அகலத்தையும், இரட்டை பைட்டு எழுத்து முழு அகலத்தையும் கொண்டது. ஒரே எழுத்து இரண்டு குறிகளைப் பெற்றது.

பழைய ஆவணமொன்றை ஒருங்குறிக்கு மாற்றி, மீண்டும் பழைய தரத்திற்கே கொண்டுசென்றாலும் ஒன்றும் இழக்கப்படலாகாது என்பது ஒருங்குறியை வகுத்தோரின் உறுதி. அவ்வுறுதியைக் காக்க, முழு அகல எழுத்துகளும் குறிகளுமாக 94 வரியுருக்கள் 65281 முதல் 65374 வரையிலான இடத்தில் தனியே வைக்கப்பட்டன. கொரியாவின் 1987-ஆம் ஆண்டுத் தரத்தில் பட்டியல்களை எண்ணிடுவதற்காக இருந்த வட்டமிட்ட சிற்றெழுத்துகளும் இதே காரணத்தால் இடம்பெற்றன. ஜப்பானின் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தரத்திலிருந்து கருங்கட்டத்துள் அமைந்த எழுத்துகள் சில 2009-இல் வந்து சேர்ந்தன.

ஒலியியலாளர் பயன்படுத்தும் பன்னாட்டு ஒலிப்பு எழுத்துகளும் இங்குக் குறிப்பிடத்தக்கவை. உரோமன் எழுத்துகளைத் தலைகீழாகத் திருப்பிப் புதிய ஒலிகளுக்கு அடையாளமாக்குவது அம்மரபின் உத்திகளுள் ஒன்று. அச்சுக்கூடத்தில் இருந்த ஈய எழுத்தையே கவிழ்த்துவைத்துப் புதிய குறியைப் பெறலாம் என்பது அதன் நடைமுறைப் பயன். இன்று சுயவிவரத்தில் பெயரைத் தலைகீழாக எழுதிக் காட்டும் விளையாட்டுக்கு மூலப்பொருளாக இருப்பவை இவ்வொலிப்பு எழுத்துகளே. அகன்ற எழுத்துகளும் இவ்வாறே தம் மூலப் பணியிலிருந்து விலகி, 2010-களில் 'வேப்பர்வேவ்' என்னும் இணைய இசைப் பாணியின் தலைப்பெழுத்துகளாயின. ஜப்பானியக் கணினித் திரையின் அகல வேறுபாடு, மேற்கத்திய இளைஞரிடையே பழமையேக்கத்தின் அடையாளமாக மாறியது.

4. கணித எழுத்துகளின் வருகை

அலங்கார எழுத்துகளுள் மிகுதியாகப் புழங்குபவை கணித எண்ணெழுத்துக் குறிகள். 119808 முதல் 120831 வரையிலான 1024 இடங்களைக் கொண்ட இத்தொகுதியில் இன்று 996 வரியுருக்கள் உள்ளன. 2001 மார்ச்சில் வெளிவந்த ஒருங்குறி 3.1 பதிப்பில் இவற்றுள் மிகப்பெரும்பாலானவை இடம்பெற்றன.

கணிதத்தில் எழுத்தின் பாணி அழகு அன்று, பொருள். செருமானிய மொழியில் எழுதிய கணித அறிஞர்கள் ஃபிராக்டூர் எனப்படும் கோண எழுத்தைக் குறியீடாக்கினர். 'லீ இயற்கணிதம்' என்னும் துறையில் இன்றும் அது வழங்குகிறது. கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் தடித்த எழுத்தை எழுதுவது கடினமாகையால் ஆசிரியர்கள் ஒரு கோட்டை இரட்டித்து எழுதினர். அவ்விரட்டைக்கோட்டு எழுத்து பின்னர் அச்சிலும் ஏறி, மெய்யெண்கள், முழுவெண்கள் ஆகிய கணங்களின் நிலையான குறியாயிற்று.

இத்தேவையை விளக்க ஒருங்குறிக் கூட்டமைப்பின் தொழில்நுட்ப அறிக்கை எண் 25 இயற்பியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. ஹாமில்டோனியன் என்னும் ஆற்றல் அளவு கையெழுத்துப் பாணி 'எச்' எழுத்தால் குறிக்கப்படுகிறது. அதே சமன்பாட்டில் காந்தப்புலம் சாதாரணச் சாய்வெழுத்து 'எச்' ஆக வருகிறது. பாணியை நீக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகி, சமன்பாடு வேறொரு சமன்பாடாகப் பொருள்படும். ஆகவே இங்கு வடிவ வேறுபாடு வரியுரு வேறுபாடே என்பது அவ்வறிக்கையின் வாதம். அமெரிக்கக் கணிதக் கழகத்தைச் சேர்ந்த பார்பரா பீட்டன், ஒருங்குறி வல்லுநர் ஆஸ்மஸ் ஃபிரைடாக், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மர்ரே சார்ஜென்ட் ஆகியோர் அதன் ஆசிரியர்கள். அறிவியல் பதிப்பாளர்கள் கூடி அமைத்த 'ஸ்டிக்ஸ்' திட்டமும் இக்கோரிக்கைக்குத் துணைநின்றது.

இவ்வாறு உரோமன் எழுத்துகளுக்கு 13 பாணிகள் வகுக்கப்பட்டன: தடித்தது, சாய்ந்தது, தடித்துச் சாய்ந்தது, கையெழுத்து, தடித்த கையெழுத்து, ஃபிராக்டூர், தடித்த ஃபிராக்டூர், இரட்டைக்கோடு, நுனிக்கோடற்ற எழுத்தின் நான்கு வகைகள், ஒற்றையகல எழுத்து. கிரேக்க எழுத்துகளுக்கு 5 பாணிகளும், எண்களுக்கு 5 பாணிகளும் அமைந்தன. சாதாரண உரையை அழகுபடுத்த இவற்றைப் பயன்படுத்தலாகாது. அதற்குக் குறிப்பு மொழியே உரியது என்பதும் தரத்திலேயே தெளிவாக்கப்பட்டது. சுயவிவரத்தின் அலங்காரப் பெயர் இவ்வறிவுரைக்கு நேர்மாறான பயன்பாடு. ஆனால் அப்பயன்பாடு தோன்றுவதற்கான சூழலைத் தரத்திற்கு வெளியேதான் தேட வேண்டும்.

5. சுயவிவரம் வெற்றுரையாதல்

இணையத்தின் தொடக்கக் காலத் தனிப்பக்கங்களில் அழகுபடுத்த வழி இருந்தது. 1994-இல் தோன்றிய ஜியோசிட்டீஸ் தளத்தில் பயனர்கள் பக்கத்தை முழுமையாகத் தாமே வடிவமைத்தனர். 2003-இல் தொடங்கிய மைஸ்பேஸ் தளத்தில் சுயவிவரத்திற்குள் எச்டிஎம்எல் குறிகளையும் நடைத்தாள்களையும் இட்டு நிறம், பின்னணி, எழுத்துரு ஆகியவற்றை மாற்ற முடிந்தது. விருப்பம் போலத் தடித்த எழுத்தில் பெயரை இடலாம்; அப்போதும் அடியில் இருந்த குறியெண் சாதாரண எழுத்தினுடையதே.

அடுத்து வந்த தளங்கள் வேறு வழியைத் தேர்ந்தன. 2006-இல் தோன்றிய ட்விட்டரும் 2010-இல் தோன்றிய இன்ஸ்டகிராமும் பெயருக்கும் அறிமுகத்திற்கும் வெற்றுரைப் பெட்டிகளையே அளித்தன. எல்லாப் பக்கங்களும் ஒரே தோற்றத்தில் இருப்பது நிறுவனத்தின் அடையாளத்திற்கு உகந்தது. கைப்பேசித் திரைக்கும் எளிது. தீங்கான குறிகள் உள்நுழையும் இடரும் குறைவு. ஆனால் பெயரைச் சற்றே வேறுபடுத்திக் காட்டும் வாய்ப்பு முற்றிலும் மறைந்தது. கோடிக்கணக்கானோர் ஒரே எழுத்துருவில், ஒரே அளவில், ஒரே நிறத்தில் தம் பெயரை எழுத வேண்டியதாயிற்று.

வெற்றுரைப் பெட்டி நடைத்தாளை மறுக்கும், வரியுருவை மறுக்காது. ஒருங்குறியில் உள்ள எந்த வரியுருவும் வெற்றுரையே. கணித அறிஞருக்காக வெற்றுரைக்குள் வைக்கப்பட்ட பாணி, வெற்றுரை மட்டுமே ஏற்கப்படும் பெட்டிக்குள் தடையின்றி நுழைந்தது. ஒரு தர அமைப்பின் முடிவும், அதனோடு தொடர்பே இல்லாத வணிகத் தளங்களின் முடிவும் சந்தித்த இடம் இதுவே. வாட்ஸ்அப் செயலி 2016-இல் உடுக்குறி, அடிக்கோடு ஆகியவற்றைக் கொண்டு செய்தியைத் தடிக்கவும் சாய்க்கவும் வழிசெய்தது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அவ்வழியில் எழுத்தின் குறியெண் மாறுவதில்லை. தோற்றம் மட்டுமே மாறுகிறது. அழகுணர்ச்சிக்கு முறையான வழி திறந்தால் வரியுருவைச் சிதைக்கும் தேவை குறையும் என்பதற்கு இது சான்றாகும்.

6. எமோஜி திறந்த வழி

2001-இல் தரத்தில் சேர்ந்த எழுத்துகள் உடனே சுயவிவரங்களுக்கு வந்துவிடவில்லை. அதற்குத் தொழில்நுட்பத் தடையொன்று இருந்தது. 65535-க்கு மேற்பட்ட குறியெண்களில் வரியுருக்கள் முதன்முதலாக அமர்ந்ததே ஒருங்குறி 3.1 பதிப்பில்தான். அப்பகுதி வரியுருக்கள் யுடிஎஃப்-8 முறையில் நான்கு பைட்டுகளைக் கொள்வன. இணையத்தளங்கள் பலவற்றின் அடித்தளமாக இருந்த மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் 'யுடிஎஃப்8' வகையோ மூன்று பைட்டுகளை மட்டுமே ஏற்றது. நான்கு பைட்டு வரியுருக்களை ஏற்கும் புதிய வகை 2010-இல் 5.5.3 பதிப்பில் வந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் வெளியான ஒருங்குறி 6.0 எமோஜிகளை ஏற்றது. பெரும்பாலான எமோஜிகளின் இருப்பிடமும் 65535-க்கு அப்பால்தான். பண்டைய எழுத்துமுறைகளுக்காகவும் கணிதத்திற்காகவும் மட்டும் மென்பொருளைத் திருத்துவதில் நிறுவனங்களுக்கு அவசரம் இருக்கவில்லை. ஆனால் எமோஜியைக் காட்டாத கைப்பேசி விலைபோகாது. எமோஜிக்காகத் தரவுத்தளங்களும் இயங்குதளங்களும் திருத்தப்பட்டபோது, அதே வாயில் வழியே கணித எழுத்துகளும் உட்புகுந்தன. அவற்றைத் திரையில் வரைந்துகாட்டும் எழுத்துருக்களும் அக்காலத்தில் பரவலாயின. 2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு கேம்பிரியா மேத் எழுத்துருவும், 2011-இல் ஆப்பிளின் லயன் இயங்குதளத்தோடு ஸ்டிக்ஸ் எழுத்துருக்களும் வந்தன. அறிவியல் அச்சிற்காக உருவான எழுத்துருக்களே அலங்காரப் பெயர்களையும் தாங்கின.

7. மாற்றிகள் செயற்படும் முறை

பயனர் எவரும் இக்குறிகளைத் தேடியெடுத்துத் தட்டுவதில்லை. சாதாரணப் பெயரை இட்டால் அலங்காரப் பெயரைத் தரும் மாற்றிகள் அப்பணியைச் செய்கின்றன. அவற்றின் செயல்முறை வெறும் கூட்டலே. உரோமன் பேரெழுத்து 'ஏ'-யின் குறியெண் 65. அதனுடன் 119743-ஐக் கூட்டினால் 119808 கிடைக்கும். அது தடித்த கணித 'ஏ'. இருபத்தாறு பேரெழுத்துகளுக்கும் இதே கூட்டல் பொருந்தும்.

இக்கூட்டல் சில பாணிகளில் இடறும். கையெழுத்துப் பாணி 'பி', சாய்ந்த சிற்றெழுத்து 'எச்' முதலான 24 எழுத்துகளின் இடங்கள் கணிதத் தொகுதியில் வெறுமையாக உள்ளன. அவை முன்னரே எழுத்துப் போன்ற குறிகள் என்னும் பழைய தொகுதியில் இடம்பெற்றிருந்தமையால் மீண்டும் சேர்க்கப்படவில்லை. கையெழுத்து 'பி' 8492-இலும், சாய்ந்த 'எச்' 8462-இலும் உள்ளன. பின்னதன் அலுவல்முறைப் பெயர் 'பிளாங்க் மாறிலி'. ஆகவே சாய்வெழுத்தில் தம் பெயரை எழுதும் ஒருவர், பெயரில் சிற்றெழுத்து 'எச்' இருப்பின், குவாண்டம் இயற்பியலின் மாறிலியொன்றைத் தம்மையறியாமலே பெயருக்குள் வைக்கிறார். ஒவ்வொரு குறியிலும் அதன் பழைய பணியின் தடம் எஞ்சியிருப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வேறு சில மாற்றிகள் உரோமன் எழுத்தை ஒத்த வடிவுடைய பிறமொழி எழுத்துகளைப் பயன்படுத்துகின்றன. தாய்லாந்து மொழியின் மெய்யெழுத்துகளும், 1821-ஆம் ஆண்டளவில் செக்வோயா உருவாக்கிய செரோக்கி எழுத்துகளும் இவ்வாறு ஒலியிழந்து வெறும் வடிவமாகின்றன. நம் அண்டை மொழியான கன்னடத்தின் மூர்த்தன்ய 'ட'கர மூச்சொலி எழுத்து, முகம் சுளிக்கும் கண்ணாக உலகெங்கும் வலம்வந்தது. அவ்வெழுத்தை இட்டவருள் கன்னடம் படிக்கத் தெரியாதோர்க்கு அது எழுத்தே அன்று, ஓவியம்.

8. விளைவுகள்

8.1 செவிவழி வாசிப்பு

பார்வைக் குறையுடையோர் திரை வாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் படிக்கின்றனர். அது வடிவத்தை நோக்காது, குறியெண்ணையே படிக்கும். அலங்காரப் பெயரொன்றை எதிர்கொள்ளும்போது அது ஒவ்வொரு எழுத்தையும் 'கணிதத் தடித்த பேரெழுத்து' என்னும் முன்னொட்டோடு தனித்தனியே உச்சரிக்கலாம். அல்லது ஒன்றும் சொல்லாமல் கடந்துவிடலாம். ஆறெழுத்துப் பெயர் முதல் நிலையில் ஆறு தொடர்களாக நீள்கிறது. இரண்டாம் நிலையில் அப்பெயருடையவர் அங்கு இல்லாதவராகிறார். தம்மைத் தனித்துக் காட்ட விழைந்தவர், ஒரு சாரார்க்கு அறவே புலப்படாமற்போவது இவ்வழக்கத்தின் முரண். என்விடிஏ என்னும் கட்டற்ற திரை வாசிப்பான் 2024-இல் இத்தகைய எழுத்துகளைச் சாதாரண எழுத்தாக மாற்றிப் படிக்கும் வசதியைச் சேர்த்தது. இருப்பினும் எல்லா வாசிப்பான்களிலும் அவ்வசதி ஒரே அளவில் இல்லை.

8.2 தேடலும் இயல்பாக்கமும்

குறியெண்ணைக் குறியெண்ணோடு நேரடியாக ஒப்பிடும் எத்தேடலிலும் அலங்காரப் பெயர் அகப்படாது. இதற்கான தீர்வை ஒருங்குறியே வகுத்துள்ளது. பொருத்தப்பாட்டு இயல்பாக்கம் எனப்படும் முறை, கணித 'ஏ', அகன்ற 'ஏ', வட்டமிட்ட 'ஏ' அனைத்தையும் சாதாரண 'ஏ' ஆக மாற்றித் தரும். பைத்தான் நிரல்மொழி தன் பெயர்ச்சொற்களை இம்முறையால் இயல்பாக்குகிறது. செயற்கூறொன்றின் பெயரைக் கையெழுத்துப் பாணியில் எழுதினாலும் அது சாதாரணப் பெயராகவே கொள்ளப்படும்.

ஆயினும் இம்முறைக்கும் எல்லை உண்டு. மேலெழுத்தாக வரும் வர்க்க 2, வெறும் 2 ஆகிவிடும். கணித வாய்பாட்டின் பொருள் குலையும். ஆகவே ஒப்பிடவும் தேடவும் இயல்பாக்கத்தைப் பயன்படுத்தலாம். சேமிக்கும் மூலத்தை அதனால் மாற்றலாகாது. செரோக்கி, தாய் முதலிய எழுத்துகளைக் கொண்ட அலங்காரத்தை இயல்பாக்கம் தொடவே தொடாது. ஏனெனில் அவை தம்மளவில் முழுமையான எழுத்துகள்.

8.3 அடையாளத் திருட்டு

2013-இல் ஸ்பாட்டிஃபை நிறுவனத்தின் பொறியாளர்கள் வெளியிட்ட விளக்கமொன்று இவ்விடரின் ஆழத்தைக் காட்டுகிறது. ஒலியியல் தேவைக்காக 2003-இல் ஒருங்குறி 4.0 பதிப்பில் சேர்ந்த மேலெழுத்துப் பேரெழுத்துகளால் ஒரு பயனர்பெயரைப் பதிவு செய்ய முடிந்தது. அத்தளத்தின் இயல்பாக்க நிரல் அப்பெயரை முதல்முறை சாதாரணப் பேரெழுத்தாகவும், மறுமுறை சிற்றெழுத்தாகவும் மாற்றியது. ஒருமுறை செய்தாலும் பலமுறை செய்தாலும் ஒரே விடை வர வேண்டும் என்பது இயல்பாக்கத்தின் இலக்கணம். அது தவறியதால், அலங்காரப் பெயருடையவர் கடவுச்சொல் மாற்றம் கோரினால், சாதாரணச் சிற்றெழுத்தில் அதே பெயர் கொண்ட மற்றொருவரின் கணக்கு அவர் கைக்கு வந்தது. அந்நிரலின் விதிகள் ஒருங்குறி 3.2 பதிப்பிற்காக எழுதப்பட்டவை. அதன்பின் வந்த எழுத்துகளை அவை அறியா. தரம் வளர்வதும் மென்பொருள் தேங்குவதும் சேர்ந்தே இவ்விடைவெளியை உருவாக்கின.

9. தமிழ்ச் சூழல்

இவ்வரலாற்றில் தமிழின் நிலை இரண்டு கோணங்களில் கருதத்தக்கது. முதலாவது, எழுத்துமுறைகளுக்கிடையே உள்ள சமமின்மை. கணித எழுத்துகள் உரோமனுக்கும் கிரேக்கத்திற்கும் உண்டு. 2012-இல் ஒருங்குறி 6.1 பதிப்பில் அரபுக் கணித எழுத்துகள் 143 சேர்ந்தன. தமிழெழுத்து அத்தகைய பாணிகளோடு கணிதக் குறியீடாக வழங்காமையால் தமிழுக்கு அவ்வரியுருக்கள் இல்லை. கொள்கையளவில் இது சரியே. ஆனால் அதன் நடைமுறை விளைவு வேறு. வெற்றுரைப் பெட்டியில் தம் பெயரை அழகுபடுத்த விழையும் தமிழர், அப்பெயரை உரோமன் எழுத்தில் எழுதினால்தான் அது இயலும். தமிழில் எழுதினால் பெயரைச் சுற்றி மலரும் விண்மீனும் வைக்கலாமே தவிர எழுத்தைத் தொட முடியாது. அழகின் பெயரால் எழுத்துமுறைத் தேர்வே ஒரு பக்கம் சாய்கிறது.

இரண்டாவது, கண்ணுக்கும் கணினிக்கும் இடையிலான பிரிவு தமிழுக்குப் புதிதன்று. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் உரோமன் குறியெண்களின் மேல் தமிழ் வடிவங்கள் போர்த்தப்பட்டிருந்தன. எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் பொருளற்ற உரோமன் எழுத்துவரிசை. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் தாம், தாப் குறியேற்றங்களும், 2010-இல் ஒருங்குறியும் டேஸ்-16 குறியேற்றமும் தமிழ்நாட்டு அரசால் ஏற்கப்பட்டன. ஆனால் பழைய குறியேற்றத்தில் தங்கிவிட்ட ஆவணங்களை மாற்றும் உழைப்பு அத்துடன் முடிந்துவிடவில்லை. பழைய எழுத்துருக்களில் குறியெண் நிலைத்து, வடிவம் மாறியது. அலங்கார எழுத்தில் வடிவத்தின் அடையாளம் நிலைத்து, குறியெண் மாறுகிறது. திசை எதிராயினும் இழப்பு ஒன்றே.

ஒருங்குறித் தமிழிலும் இச்சிக்கலின் சாயல் உண்டு. 'ஔ' என்பது 2964 என்னும் தனிக் குறியெண் கொண்ட ஓரெழுத்து. அதனை 'ஒ', 'ள' என இரண்டாகத் தட்டினாலும் திரையில் ஏறத்தாழ அதே தோற்றம் கிடைக்கிறது. 'ஔவை' என்று தேடுபவருக்கு 'ஒளவை' என்று தட்டப்பட்ட பக்கம் அகப்படாமற்போகலாம். 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிடலாம். இவ்விரண்டையும் ஒருங்குறியின் இயல்பாக்கம் ஒன்றாக்கிவிடும். 'ஔ', 'ஒள' இணையை அது ஒன்றாக்காது. ஏனெனில் 'ஒள' என்பது 'ஒளி' முதலிய சொற்களில் முறையான எழுத்துத்தொடர். இலக்கியத் தரவகங்களை உருவாக்கும் தமிழாய்வாளர், அலங்கார எழுத்தைப் பிறர்க்குரிய விளையாட்டாக ஒதுக்க இயலாமைக்கு இதுவே காரணம். பார்த்தால் ஒன்று, எண்ணினால் வேறு என்னும் நிலை சொல்லடைவையும் சொல்நிகழ்வெண்ணையும் நேரடியாகப் பாதிக்கும்.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிபுகள் பின்வருமாறு:

• சுயவிவர அலங்கார எழுத்துகள் அலங்காரத்திற்கென உருவாக்கப்பட்டவை அல்ல. பழைய குறியேற்றங்களைக் காக்கும் கடப்பாடும், கணிதம், ஒலியியல் ஆகியவற்றின் பொருட்தேவையும் அவற்றைத் தரத்திற்குள் கொணர்ந்தன.

• சமூக ஊடகத் தளங்கள் சுயவிவரத்தை வெற்றுரையாகச் சுருக்கியதும், எமோஜிக்காக மென்பொருள்கள் விரிவாக்கப்பட்டதும் அவ்வரியுருக்கள் இடம்பெயர்வதற்கான சூழலை உருவாக்கின.

• அலங்காரத்தின் பயன் எழுதுபவருக்கு உடனே கிடைக்கிறது; அதன் இழப்பு திரை வாசிப்பானைக் கொண்டு படிப்பவர், பெயரைத் தேடுபவர், பிற்காலத்தில் இவ்வுரைகளைத் தரவாகக் கொள்ளும் ஆய்வாளர் ஆகியோரைச் சேர்கிறது.

• தடிமன், சாய்வு போன்ற எளிய பாணிகளைத் தளங்களே குறிப்பு மொழியின் வழி அளிப்பதும், தேடலிலும் செவிவழி வாசிப்பிலும் இயல்பாக்கத்தைக் கையாள்வதும், சேமித்த மூலத்தை மாற்றாதிருப்பதும் பொருத்தமான தீர்வுகள். அவ்வாறு அமையும்வரை, பெயரையேனும் சாதாரண எழுத்தில் எழுதி, அலங்காரத்தை அதன் பக்கத்தில் வைப்பது படிப்போர் அனைவருக்கும் நன்மை பயக்கும்.

தம் பெயரை அழகுற எழுத விழைவது குறைகூறத்தக்கது அன்று. அவ்விருப்பம் எழுத்தளவு பழையது. அவ்வழகு கண்ணுக்கு மட்டும் உரியதாகாமல், அப்பெயரைச் செவியால் அறிபவர்க்கும் உரியதாக அமைய வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் தேவை.